புதன்கிழமை வட்டம்: ஆரோவில் பள்ளி நாட்குறிப்பு

ஜூலை 9

எங்கள் பள்ளியில் புதன்கிழமைதோறும் எல்லோரும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து பள்ளியின் காரியங்களைப் பேசி முடிவெடுப்பது வழக்கம். ஏழு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாக்கு, ஆசிரியருக்கும் ஒரு வாக்கு. மதிய ஓய்வு வேளையில் திடல் முழுவதையும் கால்பந்துக்கு ஒதுக்கலாமா என்பது இன்றைய பேச்சு. பெரிய மாணவர்கள் இருவர் ஆங்கிலத்தில் தங்குதடையின்றி வாதிட்டார்கள். பக்கத்துக் கிராமங்களான இடையஞ்சாவடியிலிருந்தும் ஆலங்குப்பத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் அவர்கள் முகத்தையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் கை உயர்ந்ததும் தாமும் கையை உயர்த்தினார்கள். பெரும்பான்மை ஆதரவுடன் தீர்மானம் நிறைவேறியது என்று ஏட்டில் பதிவாயிற்று. அதே திடலின் ஓரத்தில் அன்றாடம் பாண்டி ஆடுபவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஆடுபவர்களும் சொல்லவில்லை.

ஜூலை 11

இப்படி மாணவரும் ஆசிரியரும் சமமாக வாக்களித்து நடத்தும் ஜனநாயகப் பள்ளி என்றதும் எல்லோரும் சுட்டுவது சம்மர்ஹில்லை. ஏ. எஸ். நீல் 1921இல் ஜெர்மனியில் தொடங்கிய அந்தப் பள்ளி 1927 முதல் இங்கிலாந்தின் லெய்ஸ்டன் ஊரில் நடக்கிறது. வகுப்புக்கு வருவதும் வராததும் மாணவர் விருப்பம் என்பதை 1999இல் அரசின் ஆய்வாளர்கள் குறையாகக் கண்டபோது பள்ளி தீர்ப்பாயத்துக்குச் சென்றது. 2000 மார்ச்சில் சமரச உடன்பாடு கைகூடிய வேளையில், மாணவர்கள் வழக்கு நடந்த நீதிமன்ற அறையிலேயே தங்கள் கூட்டத்தைக் கூட்டி, அதை ஏற்பதா என்று வாக்களித்தார்கள். ஆரோவில் பிறந்த 1968ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் தொடங்கிய சட்பரி வேலி பள்ளியோ இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஆசிரியர்கள் அடுத்த ஆண்டு நீடிப்பதா என்பதையே அங்கே மாணவர்களும் சேர்ந்து வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள்.

இவற்றை எங்கள் ஆசிரியர் கூட்டங்களில் ஆசையோடு பேசிக்கொள்கிறோம். ஆனால் அந்த இரு பள்ளிகளிலும் கூட்டம் நடப்பது ஊரில் வழங்கும் மொழியிலேயே. பல நாட்டினரும் சுற்றுவட்டார கிராமத்தினரும் ஒன்றாக வாழும் ஆரோவில்லில் அந்த வசதி இல்லை. கையை எண்ணுவது எளிது; கையை உயர்த்துமுன் வாய் திறக்க முடிந்ததா என்பதை எந்த ஏடும் பதிவதில்லை.

ஜூலை 16

இன்று வட்டத்தைத் தமிழில் நடத்தினோம். வேண்டியவர்களுக்கு மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல ஏற்பாடு. சிறிது நேரம் அமைதி நிலவியது. பிறகு ஆலங்குப்பத்துச் சிறுமி ஒருத்தி எழுந்து, சாப்பிட்ட தட்டுகளைக் கழுவும் இடத்தைப் பற்றிப் பேசினாள். ஆறு குழாய்களில் கிணற்றடியை ஒட்டிய இரண்டில்தான் தண்ணீர் வேகமாக வருமாம்; பெரியவர்கள் அவற்றைப் பிடித்துக்கொள்வதால், சின்னப் பிள்ளைகள் நூலாக ஒழுகும் குழாய்களில் நின்று குழம்புப் பிசுக்கை நாரால் தேய்த்துக்கொண்டே இருக்க, மணி அடித்துவிடுமாம். “அக்கா, நாங்க தட்டு கழுவி முடிக்கிறதுக்குள்ள திடலே உங்களுக்குப் போயிடுது” என்று ஒரு பெரிய மாணவியைப் பார்த்துச் சொன்னாள். சென்ற வாரத் தீர்மானத்தின் மீது வந்த முதல் எதிர்ப்பு அதுவே. சின்னவர்கள் முதலில் கழுவுவது என்றும், திடலில் பாதி கால்பந்துக்கு என்றும் முடிவாயிற்று. மற்ற நான்கு குழாய்களில் நீர் ஏன் வேகமாக வருவதில்லை என்பதைக் குழாய்க்காரர்தான் வந்து பார்க்க வேண்டும். அதற்கு வாக்கெடுப்பு உதவாது.

ஜூலை 19

ஒரு மாணவனின் தந்தை வந்திருந்தார். கொத்தனார், ஆரோவில் கட்டடங்களிலேயே பல வருடங்களாக வேலை. “புள்ள சந்தோஷமா வரான் சார், அதுல குறை இல்ல. பத்தாவது சர்டிபிகேட் எப்ப வரும்?” என்று கேட்டார். தேர்வும் பட்டமும் நோக்கமல்ல என்ற எண்ணத்தில் எழுந்த பள்ளிகள் இங்கே உண்டு; ஆரோவில் சாசனமும் முடிவற்ற கல்வியைப் பற்றியே பேசுகிறது. அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் சான்றிதழ் வேண்டாம் என்று சொல்வது, வீட்டில் ஏற்கெனவே பட்டதாரிகள் இருக்கும் குடும்பத்துக்கு எளிது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தாளே முதல் படி. மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (NIOS) வழியாக 14 வயது நிறைந்தவர் ஐந்து பாடங்கள் எழுதிப் பத்தாம் வகுப்பு தேறலாம் என்று விளக்கினேன். “அது தனியாப் படிக்கணுமா, நீங்க சொல்லிக் குடுப்பீங்களா?” என்ற அடுத்த கேள்விக்கு, ஆசிரியர்களோடு பேசிச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 23

மாணவர்கள் நால்வர் தேர்வுப் பயிற்சி வகுப்பு வேண்டும் என்று வட்டத்தின் பொருள் நிரலில் தாங்களே எழுதியிருந்தார்கள். இது வாக்குக்கு விடத்தக்க பொருளா என்பதில் ஆசிரியர்கள் இரண்டுபட்டோம். தேர்வு வந்தால் பள்ளியே தேர்வுக்கூடமாகிவிடும் என்று ஒரு மூத்த ஆசிரியர் அஞ்சினார். அந்த அச்சம் ஆதாரமற்றதும் அல்ல. பிள்ளைகள் கேட்பது நமக்குப் பிடித்ததாக இருந்தால் மட்டும் ஜனநாயகம் என்போமா என்று நான் கேட்டேன். ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் (1988) குடியிருப்போர் பேரவையில் 18 வயது நிறைந்தவர்களையே சேர்க்கிறது. ஆக, பிள்ளைகளின் சொல் எடுபடும் ஒரே சபை இந்த வட்டம்தான். ஒரு மணி நேர வாதத்துக்குப் பின், விரும்புவோருக்கு மட்டும் பிற்பகலில் வகுப்பு என்று பெரும்பான்மை வாக்கில் முடிவாயிற்று. கணக்கை நான் எடுக்கிறேன். அறிவியலுக்கு ஆள் தேட வேண்டும். வட்டம் இனி ஒரு வாரம் தமிழிலும் மறு வாரம் ஆங்கிலத்திலும் நடக்கும். மொழிபெயர்த்துச் சொல்வதால் நேரம் இரட்டிப்பாகிறது என்று ஒரு பெரிய மாணவன் எதிர்த்து வாக்களித்தான். அவன் காரணத்தையும் ஏட்டில் எழுதச் சொன்னோம்.