நிலாவெளியில் முங்கி, நானுஓயாவுக்கு ஏறி

புசல்லாவை தாண்டி பஸ் மூச்சு வாங்க ஆரம்பித்தபோதுதான் மடியில் இருந்த சிப்ஸ் பக்கெட்டைக் கவனித்தேன். திருகோணமலைப் பக்கத்து நிலாவெளிக் கடற்கரையில், ஒரு கடையில் வாங்கும்போது தொளதொளவென்று இருந்தது. தம்புள்ளையிலும் அப்படித்தான். இப்போது தலையணை மாதிரி உப்பி, மடிப்பெல்லாம் மறைந்து, விரலால் தட்டினால் டொக் டொக் என்றது. சின்ன வயதிலிருந்து இந்த றோட்டில் வந்து போகிறேன், எத்தனையோ பக்கெட் இப்படி ஊதியிருக்கும். இந்த முறைதான் அதைப் பார்த்து வயிற்றைக் கலக்கியது.

போன வருஷம் இதே நிலாவெளியில், சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்கடியில் நீந்துகிற ஸ்கூபா டைவிங் படித்து, அதன் முதல் படியான ஓப்பன் வோட்டர் அட்டை வாங்கினேன். 18 மீட்டர் வரை இறங்கலாம். கடைசி இரண்டு டைவையும் காலையில் முடித்து, பகல் சாப்பாடு சாப்பிட்ட கையோடு பஸ் ஏறி, நடுச்சாமத்தில் நானுஓயா வந்து சேர்ந்தேன். டைவ் செய்த உடனே விமானத்தில் பறக்கக் கூடாது என்று பாடத்தில் இருந்தது. பரீட்சையில் அந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுதியும் இருந்தேன். ஆனால் விமானத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் ஏறியது கண்டி பஸ். சொல்லிக்கொடுத்தவர்களும் வீடு எங்கே என்று கேட்கவில்லை.

இந்த வருஷம் அடுத்த படியான அட்வான்ஸ்ட் கோர்ஸுக்கு, அதே நிலாவெளியில் வேறு டைவ் பள்ளிக்குப் போனேன். நம் பக்கம் தென்மேற்கு மழை கொட்டுகிற மாதங்களில்தான் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும், அதனால் குடையோடு கிளம்பி வெயிலில் போய் இறங்கினேன். ஃபோர்ம் நிரப்பும்போதே இன்ஸ்ட்ரக்டர் கேட்டார்: "தம்பி, ஊர் எங்க?"

"நுவரெலியாப் பக்கம், நானுஓயா."

"அப்ப கடைசி டைவ் முடிச்ச அண்டைக்குப் போக ஏலாது. அடுத்த நாள்தான்."

ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் சதையிலும் கரைந்து நிற்கும். மேலே வந்த பிறகும் அது நுரையீரல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். அதற்குள் வெளி அழுத்தம் குறைந்தால், மலையேறும்போது சிப்ஸ் பக்கெட் உப்பியதே அந்த மாதிரி, குமிழியாகக் கிளம்பும். மூட்டுவலியில் தொடங்கி கைகால் விளங்காமல் போவதுவரை கொண்டுவிடும். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம், கூடிப்போனால் 2400 மீட்டர் உயரத்து அழுத்தம். நுவரெலியா 1868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆக, றம்பொடை வளைவுகளில் ஏறுகிற பஸ்ஸும் உடம்புக்கு ஒரு விமானம்தான். 600 மீட்டருக்கு மேலே போவதென்றால் ஒற்றை டைவுக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம், பல டைவுகள் என்றால் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். போன வருஷம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் கிடையாது. இந்த முறை முழுசாக 24 மணி நேரம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் அறை வாடகை கூடப் போனது, போகட்டும்.

கோர்ஸில் ஐந்து டைவ். ஆழமும் திசையும் கட்டாயம், மற்ற மூன்றும் நம் விருப்பம். திசைக்கான பயிற்சியை நான் ஊரிலேயே தொடங்கிவிட்டேன். தோட்டத்து மைதானத்தில் தலையில் டவலைப் போட்டு மூடிக்கொண்டு, கையில் திசைகாட்டியோடு முப்பது எட்டு வைத்து நடந்து, வலப்பக்கம் 90 பாகை திரும்பி, மறுபடி முப்பது எட்டு வைப்பேன். இப்படி நான்கு பக்கம் நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். முதல் நாள் கொழுந்து மடுவத்துச் சுவரில் போய் முட்டினேன். கிரிக்கெட் விளையாடிய பொடியன்களில் ஒருவன், "அண்ணே, என்னத்தத் தொலச்சீங்க? நாங்களும் தேடவா?" என்றான். கடலுக்கடியில் எட்டுக்குப் பதிலாகக் காலில் மாட்டிய துடுப்பை உதைக்கிற கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே சதுரம் சரியாக வந்தது. பொடியன்கள்தான் பார்க்க இல்லை.

ஆழ டைவுக்குப் படகில் நன்றாகத் தள்ளிப் போனோம். 28 மீட்டரில் இன்ஸ்ட்ரக்டர் ஒரு சிவப்பு அட்டையை நீட்டினார். பழைய தேயிலைச் சாயம் மாதிரி மங்கல் பழுப்பாகத் தெரிந்தது. பிறகு சிலேட்டில் சின்னக் கூட்டல் கணக்குகள். படகில் இருபது விநாடியில் போட்டவற்றுக்கு அங்கே நாற்பது விநாடி ஆனது, ஒன்று பிழை வேறு. அழுத்தத்தில் நைட்ரஜன் மூளையை மயக்குவதாம். எனக்கோ எல்லாம் சரியாகச் செய்கிற மாதிரி ஒரே குஷி. யோசித்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

ஆனால் செலவழித்த காசுக்குப் பெறுமதி மிதவைப் பயிற்சிதான். போன வருஷம் இடுப்பில் 8 கிலோ ஈயம் கட்டி இறக்கிவிட்டார்கள். அந்தப் பாரத்தை ஈடுகட்ட, மிதப்பதற்காகப் போடுகிற ஜாக்கெட்டில் காற்றடைத்து, ஏறி, இறங்கி, கைகால் அடித்து, அரை மணி நேரத்தில் சிலிண்டரைக் காலி செய்தேன். இந்த முறை முதல் வேலையே எடை பார்ப்பது. ஜாக்கெட்டைக் காலியாக்கி, சாதாரணமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் தண்ணீர் கண் மட்டத்துக்கு வர வேண்டும். 5 கிலோவிலேயே வந்துவிட்டது. பிறகு புறாமலைப் பக்கம் மணலுக்கு ஒரு சாண் மேலே அசையாமல் மிதக்கச் சொன்னார். மூச்சை இழுத்தால் மெல்ல ஏறுகிறேன், விட்டால் மெல்ல இறங்குகிறேன். கையை ஆட்டவே தேவையில்லை. ஒரு கருநுனிச் சுறாக்குட்டி என்னைக் கல் என்று நினைத்தோ என்னவோ பக்கத்தாலேயே போனது. அன்றைக்கு நாற்பத்தெட்டு நிமிஷம் தண்ணீருக்குள் இருந்தேன்.

கூட்டாளி ஒருவன் போனில் கேட்டான், இவ்வளவு படித்துவிட்டு நம் மலைப்பக்கத்து மவுசாகலையில் இறங்கினால் என்ன என்று. நீர்த்தேக்கத்தில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா டவுன், தண்ணீர் வற்றினால் தலைகாட்டுகிற கோயில். ஆசை இல்லாமலா? ஆனால் உயரத்தில் டைவ் செய்வது தனிப் படிப்பு. மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே 18 மீட்டர் இறங்கினால் நைட்ரஜன் கணக்குக்கு 20 மீட்டருக்கும் மேல் என்று எடுக்க வேண்டும். சேறு வேறு, இடிந்த சுவர் வேறு. இப்போதைக்குக் கரையில் நின்று பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்து பக்கெட்டை மேசையில் வைத்தேன். "என்னடா இது, வெடிக்கிற மாதிரி இருக்கு?" என்றபடி அம்மா பல்லால் கடித்தார். படார். பாதி சிப்ஸ் சாமிப் படத்துக்கு முன்னால்.