செயலவைக் கூட்டத்தில் குரல் உயரும்போது: பினாங்கு சங்கங்களில் கற்றது

செயலவை, அதாவது சங்கத்தின் நிர்வாகக் குழு, கூடும் கூட்டத்தின் நடுவில் எழுந்து கத்துகிறவரை என்ன செய்வது என்று கேட்டுப் பட்டர்வொர்த்திலிருந்தும் புக்கிட் மெர்தாஜத்திலிருந்தும் புதுச் செயலாளர்கள் அழைக்கிறார்கள். அந்த நிமிடத்தில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். செய்ய வேண்டியதில் பெரும்பகுதி அழைப்புக் கடிதம் போகும் நாளிலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் உங்கள் சங்க விதிமுறையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலேசியச் சங்கப் பதிவிலாகாவின் மாதிரி விதிமுறையைப் பின்பற்றும் சங்கம் என்றால், செயலவைக் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், பாதிப் பேராவது வந்தால்தான் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை). அழைப்போடு நிகழ்ச்சி நிரல், போன கூட்டத்தின் மினிட் (நடவடிக்கைக் குறிப்பு), மாதக் கணக்கு மூன்றும் போக வேண்டும். கணக்கைக் கூட்டத்தில் வைத்துக் கையில் கொடுக்காதீர்கள். பெரும்பாலான சண்டை அந்தக் காகிதத்தில்தான் பிறக்கிறது. வங்கி அறிக்கையின் நகலும் ரசீதுக் கோப்பும் மேசைமேல் இருந்தால், "பணம் எங்கே போச்சு?" என்ற கேள்விக்குப் பொருளாளர் வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம். கத்துகிறவர் எல்லாரும் கலகக்காரர் இல்லை. மூன்று மாதமாகக் கேட்டும் பதில் கிடைக்காத ஒருவர் நான்காவது மாதம் குரலை உயர்த்துகிறார். அவரை அடக்கும் வழியைத் தேடுவதற்கு முன் அவர் கேட்டதற்குப் பதில் கொடுத்தோமா என்று பாருங்கள்.

வெடி பெரும்பாலும் "இதர விஷயங்கள்" பகுதியில் வைக்கப்படும். மணி பத்தைத் தாண்டியிருக்கும், எல்லாரும் களைத்திருப்பார்கள், அப்போது ஒருவர் போன வருடத் திருவிழாச் செலவைக் கிளறுவார். புதுச் செயலவையின் முதல் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள்: இதர விஷயங்களில் பேச நினைப்பதை மூன்று நாளுக்கு முன் செயலாளரிடம் எழுத்தில் தர வேண்டும், ஒரு விஷயத்துக்கு ஒருவருக்கு மூன்று நிமிடம், எல்லாரும் ஒருமுறை பேசிய பிறகே இரண்டாவது வாய்ப்பு, கைப்பேசியில் பதிவு செய்யக் கூட்டத்தின் அனுமதி வேண்டும். சண்டை தொடங்கிய பிறகு இதே விதியைக் கொண்டுவந்தால், ஒருவரை வாயடைக்கத்தான் கொண்டுவந்தீர்கள் என்று ஆகிவிடும்.

இன்னொன்று நம் ஆட்களிடையே மட்டும் வரும் சிக்கல். செயலவையில் பாதிப் பேர் மாமன் மச்சான், மீதிப் பேர் ஒரே தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தலைவர் "அண்ணே, கொஞ்சம் உட்காருங்கண்ணே" என்றால் அங்கே தலைவர் இல்லை, தம்பிதான் இருக்கிறார். அண்ணன் தம்பி சொல்லி உட்காரமாட்டார். கூட்டம் தொடங்கியதும் "ஐயா", "அம்மா", "உறுப்பினர் அவர்கள்" என்று மாறிவிட வேண்டும். எல்லாப் பேச்சும் தலைவரைப் பார்த்தே. இருவர் நேருக்கு நேர் வாதிடத் தொடங்கினால் "என்னிடம் பேசுங்கள்" என்று திருப்புங்கள். உட்காரும் இடமும் முக்கியம். சூடாகப் பேசுபவரையும் பொருளாளரையும் எதிரெதிரே உட்காரவிடாதீர்கள். தலைவரின் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தவர் கத்துவது குறைவு, ஏனென்றால் கத்துவதற்கு எதிரே முகம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் நிறுத்தவில்லை என்றால் படிப்படியாகப் போக வேண்டும். முதலில், தாழ்ந்த குரலில் விதியை நினைவூட்டல். அடுத்தது, "இது முதல் எச்சரிக்கை, மினிட்டில் பதிவாகிறது" என்று பெயர் சொல்லி எச்சரித்தல். பிறகும் தொடர்ந்தால் கூட்டத்தைப் பதினைந்து நிமிடம் ஒத்திவையுங்கள். நிறுத்திய மணியையும் மீண்டும் தொடங்கும் மணியையும் அறிவியுங்கள். அந்தத் தே தண்ணி நேரத்தில் அவர் மதிக்கும் ஒரு மூத்தவர் தனியாகப் பேசுவது பல தடவை போதும். திரும்பி வந்தும் அதே கதை என்றால், அவரை இந்தக் கூட்டத்திலிருந்து வெளியேறச் சொல்லும் தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, வாக்கெடுங்கள். தலைவர் தன்னிச்சையாக "வெளியே போ" என்று சொல்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. யாரும் அவர்மேல் கை வைக்கக்கூடாது. போக மறுத்தால் கூட்டத்தை வேறு தேதிக்கு ஒத்திவையுங்கள், மிரட்டல் வந்தால் போலீஸ்.

ஒத்திவைக்கும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. 1969இல் இங்கிலாந்தில் ஜான் எதிர் ரீஸ் வழக்கில் நீதிபதி மெகாரி இதை விளக்கினார்: அமளி வந்தால் தலைவர் ஒத்திவைக்கலாம், ஆனால் ஒழுங்கைக் கொண்டுவர முதலில் உண்மையாக முயன்றிருக்க வேண்டும், தேவைக்கு மேல் நீட்டக்கூடாது. கோபத்தில் கோப்பை மூடிவிட்டு எழுந்து போகும் தலைவர்கள் இதைப் படிக்க வேண்டும். குற்றச்சாட்டு தலைவர்மேலேயே என்றால், அந்த விஷயம் முடியும்வரை நாற்காலியைத் துணைத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கோரத்தை உடைக்கக் கும்பலாக வெளிநடப்பு செய்வதும் உண்டு. யார் எத்தனை மணிக்கு வெளியேறினார், எத்தனை பேர் மிஞ்சினார் என்று செயலாளர் உடனே எழுத வேண்டும். கோரம் போன பிறகு எடுத்த முடிவை யாரும் எளிதாகக் கேள்வி கேட்கலாம், அதனால் அதற்குப் பிறகு வாக்கெடுக்காதீர்கள்.

மினிட்டில் "அநாகரிகமாக நடந்தார்" என்று எழுதாதீர்கள். "இரவு 9.10க்கு முதல் எச்சரிக்கை, 9.18க்கு இரண்டாவது" என்று எழுதுங்கள். "பொருளாளர் திருடினார்" என்று ஒருவர் கத்தியதை அப்படியே அச்சிட்டு எல்லாருக்கும் அனுப்பினால் 1957 அவதூறுச் சட்டம் சங்கத்தின் வாசலுக்கே வரக்கூடும். "கணக்குக் குறித்துக் கேள்வி எழுப்பப்பட்டது" போதும்.

கத்திய உறுப்பினரை இடைநீக்குவது அன்றிரவே செய்யும் காரியமல்ல. மாதிரி விதிமுறைப்படி காரணத்தை முதலில் எழுத்தில் தர வேண்டும், அவர் நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். பொதுக்கூட்டத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமையும் அவருக்கு உண்டு. இந்தப் படியைத் தாண்டிக் குதித்த சங்கங்களில்தான் இரண்டு அணி, இரண்டு செயலவை என்று பிளவு வருகிறது. உண்மையான நிர்வாகி யார் என்பதில் தகராறு வந்தால், 1966 சங்கச் சட்டத்தின் 16வது பிரிவின்கீழ், தகராறு தீர்ந்ததற்கான ஆதாரத்தை ஒரு மாதத்தில் காட்டச் சொல்லிப் பதிவதிகாரி உத்தரவிடலாம். காட்ட முடியாவிட்டால் பதிவையே ரத்து செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. முப்பது நாற்பது ஆண்டு உழைப்பில் எழுந்த மண்டபமும் படிப்புதவி நிதியும் அந்தப் பதிவின்மேல்தான் நிற்கின்றன.

இடைநீக்கக் காரணம் சொல்லும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டைக் கோப்பில் வையுங்கள். விசாரணை முடியும்வரை கடிதம் பெற்றவர் செயலவை உறுப்பினர்தான். அடுத்த கூட்டத்தின் அழைப்பு, ஏழு நாளுக்கு முன், மற்றவர்களுக்குப் போவதுபோலவே அவருக்கும் போக வேண்டும்.