பாட்டு விளங்குமோ? கொழும்புக்குப் போகுமுன் ஒரு புதிய இசைநாடகம்

யாழ்ப்பாணத்தில் ஒரு புதிய இசைநாடகம் பழகி முடிகிற நேரத்தில் குழுவுக்குள் பேச்செல்லாம் உடுப்பு, சீன், லைற் என்றுதான் ஓடும். கொழும்பில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கப்போகிறவர் கேட்பது வேறு: "பாட்டு விளங்குமோ? எத்தினை மணிக்கு முடியும்?" இந்த இரண்டுக்கும் நல்ல விடை இருந்தால் மற்றக் குறைகளைச் சபை பொறுத்துக்கொள்ளும். பாட்டின் சொல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராவிட்டால் எந்தச் சரிகை உடுப்பும் காப்பாற்றாது.

முதலில், முன்னால் யார் இருக்கப்போகிறார்கள் என்று பார்ப்போம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து வரும் மூத்தவர்கள் கோயில் திருவிழா மேடைகளில் விடிய விடிய இசைநாடகம் கேட்டு வளர்ந்தவர்கள். நடிகமணி வி.வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' அவர்கள் காதில் இன்னும் நிற்கிறது. தாளமில்லாமல் பாடும் ஒரு விருத்தத்தையாவது ஆற அமர, இராகம் விரித்துப் பாடவேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அவர்களோடு வரும் பிள்ளைகளின் காது சினிமாப் பாட்டில் பழகியது. ஒரு பாட்டு நாலு நிமிடத்துக்கு மேல் போனால் கை தொலைபேசிக்குப் போய்விடும். மூன்றாவது கூட்டத்தை எங்கள் குழுக்கள் பெரும்பாலும் மறந்துபோகின்றன. அது சிங்கள நாடக இரசிகர் கூட்டம். 1956 இல் லயனல் வெண்ட் அரங்கில் சரத்சந்திரவின் 'மனமே' மேடையேறிய நாளிலிருந்து பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகத்துக்கு அங்கே தேர்ந்த சபை ஒன்று இருக்கிறது. அவர்களுடைய 'நாடகம' என்ற பழைய வடிவம் எங்கள் கூத்தோடு உறவுடையது. 1911 இல் திறந்த மருதானை டவர் மண்டபத்தை நிறைத்த நூர்த்தி என்ற சிங்கள மேடை நாடகமும் எங்கள் இசைநாடகமும் பார்சி நாடகக் குழுக்களின் மெட்டுக்களை எடுத்துக்கொண்டவை. ஆகவே மெட்டு அவர்களுக்கு அந்நியமில்லை. கதையும் சொல்லும் விளங்கினால் போதும், கடைசிவரை இருந்து பார்ப்பார்கள்.

இந்த மூன்று கூட்டத்தையும் ஒரே இரவில் திருப்திப்படுத்தலாம். அதற்குச் சொல்லைக் கவனிக்க வேண்டும்.

கூத்தில், அதைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் பாடிக்கொடுத்த அடியை ஆடுபவர் பாட, பிற்பாட்டுக்காரர் அதையே திருப்பிப் பாடுவார்கள். நகரத்துக்குச் சுருக்குகிறோம் என்று கத்தரிக்கோல் எடுப்பவர் முதலில் வெட்டுவது இந்தத் திருப்பிப் பாடுதலைத்தான். அங்கேதான் பிழை தொடங்குகிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திறந்த வெளியில் இருந்த ஆயிரம் பேருக்குச் சொல் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இந்த இரண்டாம் முறைதான். முதல் முறை காது மெட்டைப் பிடிக்கும், இரண்டாம் முறை சொல்லைப் பிடிக்கும். எல்லா அடிகளையும் திருப்ப நேரம் போதாது என்பது உண்மை. கதை திரும்புகிற அடி, ஒரு பெயர் முதன்முதலாக வருகிற அடி, சத்தியம் செய்கிற அடி, இவற்றைத் திருப்பிப் பாடவிடுங்கள். வர்ணனை அடிகளை ஒருமுறையோடு விடலாம். பிற்பாட்டுக்கு நாலு பேர் போதும். எட்டுப் பேர் நின்றால் ஒற்றெழுத்துக்கள் எட்டு இடத்தில் விழுந்து சொல்லின் முடிவு கலங்கிவிடும். நாலு பேரும் வாயைப் பார்த்து ஒன்றாக முடிக்கப் பழகவேண்டும்.

அடுத்தது மெட்டுக் கட்டுதல். குறிலை நீண்ட சுரத்தில் உட்காரவைத்தால் 'மலை' என்று எழுதியது 'மாலை' என்று கேட்கும். பாடுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைத் திருத்த முடியாது; எழுதியவரும் இசையமைத்தவரும் ஒன்றாக இருந்து சொல்லையோ சுரத்தையோ மாற்ற வேண்டும். பழைய புலவர்கள் இதில் மிகக் கவனம். புதிதாக எழுதுகிறவர்கள் முதலில் கீபோட்டில் மெட்டை முடித்துவிட்டுப் பிறகு சொல்லை நிரப்புவதால்தான் இந்தக் கோளாறு கூடியிருக்கிறது.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. பிரதியை ஒருபோதும் பார்க்காத மூன்று பேரை ஒத்திகைக்குக் கூப்பிட்டு மண்டபத்தின் கடைசி வரிசையில் தள்ளித் தள்ளி இருத்துங்கள். ஒவ்வொரு பாட்டிலும் நாலு அடியைத் தங்களுக்குக் கேட்டபடி எழுதச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் பிழையாக எழுதினால் அது அவர் கவனம். மூவரும் ஒரே இடத்தில் பிழைத்தால் அந்த அடியில் கோளாறு இருக்கிறது. மூவரும் வெவ்வேறாகப் பிழைத்திருந்தால் பெரும்பாலும் வாத்தியம் குரலை மூடுகிறது என்று கொள்ளலாம்.

சுருதி பற்றியும் பேசவேண்டும். மைக் இல்லாத காலத்தில் குரல் எட்டவேண்டும் என்று நாலரை, ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடினார்கள். அந்த வீரம் இன்றும் கைதட்டு வாங்கும். ஆனால் மேற்ஸ்தாயியில் உயிரெழுத்துக்கள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். இகரமும் எகரமும் பிரித்துக் கேட்காது. இது குரலின் இயற்கை. மைக் இருக்கிற மேடையில் கதை சொல்லும் பாட்டுக்களை அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிவிட்டு, உச்சத்தை ஒன்றிரண்டு விருத்தங்களுக்கு வைத்துக்கொள்வது நல்லது. மூத்த இரசிகருக்கும் அது குறையாகப் படாது, உச்சம் அரிதாக வந்தால் மதிப்புக் கூடும்.

மைக் விடயத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று கொழும்பில் எடுபடாது. கோயில் வெளியில் பழகிய சவுண்ட்காரர் எக்கோவைத் திறந்துதான் வைத்திருப்பார். மூடிய மண்டபத்தில் சுவரே எதிரொலிக்கும்போது எக்கோவும் சேர்ந்தால் ஒரு சொல்லின் மேல் மற்றச் சொல் ஏறும். வசனத்துக்கு எக்கோ முழுக்க நிறுத்தவேண்டும், பாட்டுக்குக் கொஞ்சம் போதும். தலையில் மாட்டுகிற கம்பியில்லா மைக் எடுத்தால் அதன் முனை வாயின் நேர் முன்னால் நிற்கக்கூடாது, மூச்சு அடிக்கும். வாயின் ஓரத்தில், கன்னத்தோடு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளி நிற்கவேண்டும். கிரீடமும் காதணியும் அதில் உரசுகிறதா என்று முழு ஒப்பனையோடு பாடிப் பார்த்தால்தான் தெரியும். சாதாரண உடுப்போடு ஒத்திகை பார்த்துவிட்டு அன்றைக்குக் கிரீடம் வைத்தால் அரசன் வாயைத் திறக்கும்போதெல்லாம் கரகரப்பு வரும். வியர்வை முனைக்குள் இறங்கினால் குரல் அடைத்துப்போகும். மெல்லிய ஒட்டுப்பட்டியால் கம்பியைக் கன்னத்தில் ஒட்டி, இடைவேளையில் துடைத்து, பற்றறியையும் அப்போதே மாற்றிவிடவேண்டும். தீர்ந்த பிறகு மாற்றலாம் என்று இருக்காதீர்கள். பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு கைமைக் திறந்த நிலையில் எப்போதும் இருக்கட்டும். மரப்பலகை மேடையில் சலங்கையும் மிதியும் முழங்கும் என்பதால், தரையில் வைக்கிற மைக் ஆட்டமுள்ள காட்சிகளில் வேண்டாம்.

வெறும் மண்டபத்தில் ஒலி சரிபார்த்துவிட்டு அதே அளவில் விட்டுவிடுகிறார்கள். ஆட்கள் நிறைந்தால் உடலும் உடுப்பும் மேல் அலைகளை உறிஞ்சிக்கொள்ளும், சொல்லின் கூர்மை மங்கும். முதல் பாட்டின்போதே ஒருவர் சபைக்குள் நின்று கேட்டு, சவுண்ட்காரருக்குக் கையால் காட்டவேண்டும். அவர் நாடகத்தை முழுக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். தெரியாதவருக்கு எந்தச் சொல் விழுந்துவிட்டது என்றே தெரியாது.

மிருதங்கம் தனிக் கதை. யாழ்ப்பாணத்து வெக்கையில் சேர்த்த சுருதி, கொழும்பின் ஈரக்காற்றில் லொறியில் இறங்கும்போது தளர்ந்திருக்கும். குளிரூட்டிய மண்டபத்துக்குள் வந்ததும் தோல் காய்ந்து இறுகி மேலே ஏறும். ஆர்மோனியத்தின் சுருதியோ அசையாது. முதல் காட்சியிலேயே இரண்டும் விலகுவது இதனால்தான். குறைந்தது ஒன்றரை மணி நேரத்துக்கு முன் வாத்தியத்தை மேடைக்கே கொண்டுபோய், குளிரூட்டியைப் போட்டுவைத்து, உறையைக் கழற்றி அங்கேயே இருக்கவிடவேண்டும். திரை திறக்க இருபது நிமிடம் இருக்கும்போது வலப்பக்கமான வலந்தலையைத் தட்டிச் சேர்க்கலாம். இடப்பக்கமான தொப்பிக்கு ரவைப் பசை வைப்பதும் அதன் பிறகுதான். முதலே வைத்தால் குளிர்காற்றில் காய்ந்து உதிரும். இடைவேளையில் இன்னொருமுறை சேர்க்கத் தயாராகச் சுத்தியலும் தட்டுக்கட்டையும் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி நேரம். மாலை 6.30 என்று அச்சடித்தால் 8.45 க்குச் சபை வெளியே நிற்கவேண்டும். வத்தளைக்கும் இரத்மலானைக்கும் பஸ் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் பாதி ஒரு மணி நேரம், இடைவேளை பதினைந்து நிமிடம், மறுபாதி ஐம்பத்தைந்து நிமிடம். இந்தக் கணக்கைத் தின்பது நாடகமே அல்ல, அதற்கு முன் நடக்கிற சடங்குகள். மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, ஆசியுரை, பொன்னாடை என்று போனால் ஒரு மணி நேரம் கரைந்துவிடும். திரை திறக்கும்போது ஒப்பனை வழிந்திருக்கும், குழந்தைகள் நித்திரையாகியிருப்பார்கள். விளக்கை 6.15 க்கு மண்டப வாசலில் ஏற்றுங்கள். வரவேற்பு மூன்று நிமிடம். உரைகளும் பொன்னாடையும் மங்களம் பாடி முடிந்தபின், நிற்க விரும்புகிறவர்கள் நிற்கட்டும். விருந்தினர் மனம் நோகும் என்பார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் யாரும் நோகமாட்டார்கள்.

சுருக்குவதற்கு முன்மாதிரி எங்களிடமே உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று கூத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து நகரச் சபைக்கு முன் வைத்தார். புதிய இசைநாடகத்துக்கு நான் சொல்லக்கூடியது: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மேடைக்கு வரும்போது முழு வரவுப் பாட்டு வேண்டாம். இரண்டு மூன்று பேருக்கு முழு வரவு, மற்றவர்கள் இன்னொருவர் பாடிக்கொண்டிருக்கும்போது நுழையட்டும். திரை திறந்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு முழுப் பாட்டு வந்துவிடவேண்டும். முதல் பெரிய விருத்தம் முதல் இருபது நிமிடத்துக்குள். அது நன்றாக அமைந்தால் மூத்தவர்கள் அதன்பிறகு எந்தப் புதுமையையும் ஏற்றுக்கொள்வார்கள்.

சிங்கள இரசிகருக்கு மேல்திரையில் வரிகள் போடுவதாயின், ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். திருப்பிப் பாடும்போது திரையை வெறுமையாக விட்டால் கண் மேடைக்குத் திரும்பும். பொத்தானை அழுத்துகிறவர் பாட்டு முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்தவராக இருக்கவேண்டும்; பாடகர் ஒரு அடியை விட்டுவிட்டால் அவரும் தாண்டவேண்டும். எழுத்துருவில் கவனம். எங்கள் பக்கம் இன்னும் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள், சிங்களத்தில் எஃப்எம் அபயா. அந்த எழுத்துரு இல்லாத மண்டபக் கணினியில் திறந்தால் திரை நிறைய ஆங்கில எழுத்துக் குழப்பம்தான் தெரியும். யூனிகோட்டுக்கு மாற்றி, ஒவ்வொரு பக்கத்தையும் படமாகச் சேமித்துக் கொண்டுபோனால் இந்தத் தொல்லை இல்லை. கதைச் சுருக்கம் மூன்று மொழியிலும் ஒரு தாளில், அரைப் பக்கம் அளவில், வாசலில் கொடுக்கலாம்.

சீனுக்கு ஒரு குறிப்பு மட்டும்: வரைந்த திரைகளை மடிக்காமல் குழாயில் சுருட்டி ஏற்றுங்கள். மேடையின் அகலத்தையும் ஆழத்தையும் மண்டபத்தாரிடம் கேட்டு, ஒத்திகைத் தரையில் பட்டி ஒட்டி அந்த எல்லைக்குள் ஆடிப் பழகுங்கள்.

யாழ்ப்பாணத்தில் கொழும்புக்கு முன் இரண்டு முன்காட்சியாவது வேண்டும், இடையில் ஒரு கிழமையாவது விட்டு. வீரசிங்கம் மண்டபமோ பல்கலைக்கழகத்துக் கைலாசபதி கலையரங்கோ, கூரையுள்ள மண்டபமாக இருக்கட்டும். வெளி மேடையில் பார்த்தால் ஒலியின் கோளாறு தெரியாது. உறவினரையும் ஊராரையும் மட்டும் கூப்பிட்டால் பாடகர் வந்து நின்றதற்கே கைதட்டுவார்கள். குழுவை அறியாத மாணவர்களும் ஒரு பங்கு இருக்கவேண்டும். முடிந்தபின் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லாயிருந்தது" என்பதற்கு மேல் வராது. "அவன் ஏன் ஊரைவிட்டுப் போனான்?" என்பதுபோலக் கதையில் நாலு கேள்வி கேளுங்கள். விடை பிசகுகிற காட்சியின் பாட்டில்தான் சொல் சேரவில்லை. சபைக்குள் இருந்து ஒருவர் நேரம் குறித்து எழுதட்டும்: எந்த நிமிடத்தில் இருமல் கூடியது, எங்கே தொலைபேசி வெளிச்சம் தெரிந்தது, எங்கே ஆட்கள் எழும்பிப் போனார்கள்.

முதல் முன்காட்சிக்குப் பிறகு காட்சி ஒழுங்கை மாற்றலாம், பாட்டை வெட்டலாம். இரண்டாவதற்குப் பிறகு சொல், சுருதி, ஒலி அளவு, இவை மூன்றில் மட்டும் கைவையுங்கள். புதிய பாட்டு எதுவும் அந்தக் கடைசிக் கிழமையில் சேரக்கூடாது. அரங்கேற்றத்துக்கு அனுமதி எடுத்த பிரதியில் இல்லாத அடி என்ற சிக்கல் ஒருபுறம், பாடகர் தொண்டை மறுபுறம். புறப்படுவதற்கு முந்திய இரண்டு நாளும் முழுக் குரலில் ஒத்திகை வேண்டாம். அடிகளை வாய்க்குள் சொல்லி, நுழைவும் வெளியேற்றமும் மட்டும் நடந்து பார்த்தால் போதும். இரவு பஸ்ஸில் வந்து இறங்கி அன்றே பாடுகிறவரின் குரல் மறுபாதியில் உடையும், ஆகவே பாடகர்களையாவது ஒரு நாள் முன்னதாக அனுப்பிவிடுங்கள்.