உர மூட்டைக்கு அடியில் ஒரு நத்தை

சேற்றில் பாதி புதைந்து கிடந்த உர மூட்டையை இழுத்தேன். அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நத்தை.

உதறப் போனேன். "பார்த்துப்பா, உசுரு. ஈரத்துலேயே விடு" என்றார் பாட்டி. நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை. கையுறை கொடுத்தோம், வேண்டாம் என்றுவிட்டார்.

இன்று ஆற்றங்கரையில் கொத்தோங் ரோயோங், ஊரே கூடிச் செய்யும் துப்புரவு வேலை. மலேசியாவில் எங்கள் ஊர் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறினாலும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

இதே சிலாங்கூர் ஆறு கீழே கம்போங் குவாந்தானுக்குப் போகிறது. அங்கே பெரெம்பாங் என்னும் ஆற்றோரச் சதுப்பு மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒன்றாகக் கண் சிமிட்டும். அவற்றின் புழுக்கள் கரையோர ஈர மண்ணில் சின்ன நத்தைகளைத் தின்றுதான் வளர்கின்றன. கரை கெட்டால் நத்தை இல்லை, நத்தை இல்லாவிட்டால் வெளிச்சமும் இல்லை.

அப்புறம் கோயில் மண்டபத்தில் கூட்டம். செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மருந்து அடிக்கும்போது கரையோரத்தை விட்டுவிடச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடம் பேசலாமா என்று விவாதம். எல்லோரும் தயங்கினோம்.

பாட்டிதான் எழுந்தார். "நானும் மருந்து அடிச்சவதான். அந்த டப்பாவை ஆத்துலதான் கழுவினோம். தப்புன்னு எங்களுக்கு யாரும் சொல்லல."

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

பேசப் போகிறவர்கள் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. இரண்டாவதாக என் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை ஏழரைக்கு மறுபடியும் ஆற்றங்கரை. பூட்ஸ் இருந்தால் போட்டு வாருங்கள், சேறு முழங்கால் வரை.