ஆணி வேண்டாம்

பிப்ரவரி 17
அப்பாவின் இரண்டு கைகளையும் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார்கள். மூக்கு டியூபைப் பிடுங்கிவிடுகிறாராம். கையெழுத்துப் போட்டது நான்தான்.

பிப்ரவரி 18
சிமிர்னா ஆயர் போலிகார்ப்பை உயிரோடு எரிக்க, முதலில் கம்பத்தில் ஆணியடிக்க வந்தார்கள். வேண்டாம் என்றார். நெருப்பைத் தாங்கப் பலம் தருகிறவர், ஆணியில்லாமலே அசையாமல் நிற்கவும் பலம் தருவார் என்றார். அதனால் கைகளைப் பின்னால் கட்டினார்கள். கட்டிய பிறகுதான் அவருடைய அந்தக் கடைசிச் செபம்.

பிப்ரவரி 19
தூக்கமில்லை. அவர் சாவைப் பற்றி சிமிர்னா சபை பிலோமேலியம் என்ற ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தை போனில் மறுபடி படித்தேன். கி.பி. 155 வாக்கில், சிமிர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில் நடந்தது. பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, செபிக்க ஒரு மணி நேரம் கேட்கிறார். நின்றபடியே இரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. வண்டியிலிருந்து தள்ளி இறக்கியதில் கணுக்காலுக்கு மேலே சிராய்ப்பு. பிரசங்கத்தில் எல்லோரும் கிறிஸ்துவைப் பற்றி அவர் சொன்ன ‘86 வருடம் அவருக்கு ஊழியம் செய்தேன்’ என்பதைத்தான் சொல்வார்கள். எனக்கு மனதில் நிற்பது செருப்புதான். விறகுக்குப் பக்கத்தில் நின்று, வாரை அவிழ்த்து, செருப்பையும் தானே கழற்றப் பார்க்கிறார். பழக்கமில்லை. அதுவரை விசுவாசிகள் போட்டி போட்டுக் கழற்றிவிடுவார்களாம்.

பிப்ரவரி 20
அப்பாவுக்குக் காய்ச்சல் 102. வேறொன்றும் எழுத முடியவில்லை.

பிப்ரவரி 21
காப்பாற்று என்று ஒரு வார்த்தை இல்லை அந்தச் செபத்தில். ‘இந்த நாளுக்கும் இந்த வேளைக்கும் என்னைத் தகுதியாக்கினீரே, உம்மைப் போற்றுகிறேன்.’ பிறகு கிறிஸ்துவின் கிண்ணத்தில் பங்கு, உயிர்ப்பு, தன்னைப் பலியாக ஏற்றுக்கொள்ள ஒரு வேண்டுதல். ஆமென் சொன்னதும் தீ வைக்கிறார்கள். எனக்கு இப்படிச் செபிக்க வரவில்லை. வராண்டாவில் உட்கார்ந்து காய்ச்சல் குறையட்டும், குறையட்டும் என்று நச்சரிக்கிறேன். அவருக்கென்ன, அவர் புனிதர்.

பிப்ரவரி 22
பூசையில் அப்பம் ரசத்தின் மேல் சொல்லும் செபத்தின் சாயல் போலிகார்ப்பின் செபத்தில் அப்படியே இருப்பதால், சபைதான் பிற்பாடு செதுக்கியிருக்கும் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். சாகப்போகிறவன் இவ்வளவு கோர்வையாகப் பேசுவானா? நியாயமான கேள்வி.

சாயங்காலம் அத்தை வந்து செபமாலை தொடங்கினாள். நாலு நாளாக என் பெயர்கூட வராத அப்பா, கண்ணைத் திறக்காமலே, ‘அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே’ என்று எடுத்தார். இப்போது கோயிலில் சொல்லுவது இல்லை, சின்ன வயதில் படித்த பழைய பாடம். ‘இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்’ வரை ஒரு பிசகு இல்லை.

பிப்ரவரி 23
இன்று போலிகார்ப்பின் திருநாள். ஆயராக எத்தனை ஞாயிறு அந்தப் பூசை வார்த்தைகளைச் சொல்லியிருப்பார்! கையைக் கட்டினால் வாய் வேறு எங்கே போகும்? ஆய்வாளர்கள் ஒரு ராத்திரி இந்த வார்டில் உட்காரட்டும்.

பிப்ரவரி 24
அண்ணன் வந்துவிட்டான். அவஸ்தை பூச, அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்க, ஃபாதரைக் கூப்பிடலாம் என்றேன். கூப்பிட்டால் அப்பா பயந்துவிடுவார் என்கிறான். பயம் இவனுக்கு. நாளைக் காலை நானே போய்