வீட்டுக்காரருக்கும் மாத்திரை

அரசு மருத்துவமனையில், பால்வினைத் தொற்றுகளுக்குச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். வெள்ளைப்படுதல், அரிப்பு என்று வரும் பெண்களில் பலர் மருந்துக்கடையில் ஏதாவது ஒரு களிம்பு வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வருகிறார்கள். "ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு மேடம், மறுபடி வந்துடுச்சு" என்பார்கள்.

எங்களிடம் மருந்துகள் நிறம் பிரித்த கிட்களாக இருக்கும். யோனித் தொற்றுக்குப் பச்சை: செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம், ஒரே வேளை. கருப்பை வாய்த் தொற்றுக்குச் சாம்பல் நிறம். அடிவயிற்று வலியும் சேர்ந்தால் மஞ்சள், அதை இரண்டு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். வலி போனதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்தே மாறும்.

தயிர்போல் திரிதிரியாகப் படும் பூஞ்சைத் தொற்று என்றால் கணவருக்குத் தொந்தரவு இல்லாதவரை அவருக்கு மருந்து தேவையில்லை. உடலுறவு மூலம் பரவும் ஒட்டுண்ணியான ட்ரைகோமோனாஸ் அப்படியல்ல. ஆணிடம் எந்த அறிகுறியும் காட்டாமல் அது இருக்கும். மனைவி மட்டும் மாத்திரை போட்டால் அவரிடமிருந்தே திரும்ப வரும். "எனக்கு ஒண்ணுமில்லையே, நான் ஏன் சாப்பிடணும்?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் சொல்வது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தினமும் பார்க்கிறேன். அதனால் அவரையும் வரச் சொல்லி நானே பேசுகிறேன். யார்மேலும் பழி போடாமல், "இது ரெண்டு பேருக்குமான வைத்தியம்" என்று மட்டும் சொல்வேன்.

யோனியில் பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்து மீன் வாடையோடு வரும் பாக்டீரியல் வஜினோசிஸுக்குக் கணவருக்கு மருந்து வேண்டாம் என்பதே இதுவரை நடைமுறை. ஆனால் 2025இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று வெளியானது. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்திருக்கிறது. கணவர் அல்லது துணைவரும் ஒரு வாரம் மெட்ரோனிடசோல் மாத்திரையும் கிளிண்டமைசின் களிம்பும் பயன்படுத்தியபோது அது 35 சதவீதம்தான். படித்ததும் திரும்பத் திரும்ப வந்து அழுத பெண்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. நம் நடைமுறையும் சீக்கிரம் மாற வேண்டும்.

அப்புறம் ஒன்று. மருந்து முடியும்வரை உறவு வேண்டாம், முடியாவிட்டால் ஆணுறை. பக்கத்திலேயே நம்பிக்கை மையம் இருக்கிறது, எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். வீட்டுக்காரர் வர மாட்டார் என்றாலும் நீங்கள் வாங்க.