குண்டுதான் வெடிச்சாச்சே, இன்னும் ஏன் உக்காந்திருக்கோம்?

ஹாலிவுட் இயக்குநர் நோலன் படத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது என் தப்புதான். ஆனால் எனக்கு வேறு வழியில்லை. நண்பர்களுக்கெல்லாம் கல்யாணம் ஆகிவிட்டது. அப்பா எந்தப் படமானாலும் டைட்டில் ஓடி முடிவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். திருச்சியில் எனக்கு மிஞ்சிய ஒரே சினிமாத் துணை அம்மாதான். அவளும் உடனே கிளம்பிவிடுவாள். கைப்பையில் முறுக்குப் பொட்டலம் மட்டும் இருக்க வேண்டும். ஒருமுறை தியேட்டரில் பாப்கார்ன் விலை கேட்டதிலிருந்து வந்த பழக்கம்.

2023 ஜூலையில் ஓப்பன்ஹைமர் வந்தது, அணுகுண்டு செய்த விஞ்ஞானியின் கதை. மூன்று மணி நேரப் படம், நாங்கள் பார்த்தது ஆங்கிலத்தில். நான் காதோரம் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். "இவர் விஞ்ஞானி." "சரி." "இவரும் விஞ்ஞானி." "சரி." "இவர்..." "எல்லாரும் விஞ்ஞானின்னா யாருடா சமைக்கிறது?"

அம்மாவின் விமர்சனத்துக்கு அடிப்படையே அதுதான். படத்தில் யாராவது ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஓப்பன்ஹைமர் வேடத்துக்காகக் கிலியன் மர்பி உடம்பை இளைக்க வைத்திருந்தார். அது நடிப்புக்காக என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போன அவர் முகம் பெரிதாக வரும்போதெல்லாம் அம்மா 'த்சு' கொட்டினாள்.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. எந்தக் காட்சி என்று படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டிலறையில் ஓப்பன்ஹைமர் கையில் கீதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறாள் அவர் காதலி. நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுச் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். மேலேயிருந்து அம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "கீதை படிக்கிற நேரமாடா இது?" நான் நிமிர்ந்தபோது அந்தப் பெண் கறுப்பு உடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நம் ஊர் சென்சாருக்காக கிராபிக்ஸில் போட்டுவிட்ட உடை அது. அம்மாவுக்கு அது தெரியாது. "கவுன் நல்லாருக்கு, துணி விழுறதைப் பாரு" என்றாள். அந்தப் படத்தின் கிராபிக்ஸுக்குக் கிடைத்த உயர்ந்த பாராட்டு அதுவாகத்தான் இருக்கும்.

1945 ஜூலை 16, அதிகாலை, நியூ மெக்சிகோ பாலைவனம், முதல் அணுகுண்டுச் சோதனை. கவுண்ட் டவுன் ஓடுகிறது, வயலின் காதைப் பிய்க்கிறது. பொத்தான் அழுத்தப்படுகிறது. திரை முழுக்க நெருப்பு, ஆனால் சத்தமே இல்லை. வெளிச்சம் முதலில் வந்து சத்தம் பின்னால் வரும் என்கிற பள்ளிக்கூடப் பாடத்தை நோலன் அப்படியே காட்சியாக எடுத்து வைத்திருக்கிறார். மூச்சு விடும் சத்தம் மட்டும்தான் கேட்கும். முந்நூறு பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

கடக்.

தேன்குழல்கூட இல்லை, கை முறுக்கு. முன் வரிசையில் நாலு தலை திரும்பியது. அம்மா பாதி முறுக்கை வாயில் வைத்தபடி, கடிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அப்படியே உறைந்துபோனாள். என் பக்கம் சாய்ந்து, "ஸ்பீக்கர் போச்சா?" என்றாள். அவள் கேட்டு முடித்ததும் குண்டுச் சத்தம் வந்து சேர்ந்தது. மடியில் இருந்த பொட்டலம் கீழே கொட்டியது.

அதோடு முடிந்தது என்று பையை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "குண்டுதான் வெடிச்சாச்சே, இன்னும் ஏன் உக்காந்திருக்கோம்?" என் கட்சி என்னவென்றால், அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான் படமே. குண்டு செய்தவனை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, உரித்து உரித்து விசாரிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் உண்மையான வெடி. மறு வருஷம் ஏழு ஆஸ்கர் வாங்கியதும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஏழா? அந்தப் பையன் இப்பவாவது சாப்பிடுறானா?" என்றாள்.

டியூன் இரண்டாம் பாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வேர்வையைப் பிடித்துக் குடிதண்ணீர் ஆக்கும் உடை என்று விளக்கியதோடு அவளுக்குப் படம் முடிந்துவிட்டது. எனக்குப் பிடித்த படம். தனியாக இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மகாராஜாவில்தான் நான் சரியாக மாட்டிக்கொண்டேன். குப்பைத் தொட்டி காணோம் என்று விஜய் சேதுபதி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார். "நம்ம வீட்டுப் பித்தளைக் குடம் காணாமப் போனப்போ உங்கப்பா வாசல் வரைக்கும்கூடப் போகலை" என்று ஆரம்பித்தாள். நான் இயக்குநர் நித்திலன் காலத்தை எப்படிக் கலைத்து அடுக்கியிருக்கிறார், எந்தக் காட்சி எப்போது நடக்கிறது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இடைவேளையில் வரிசையில் நிற்கும்போது அம்மா சாதாரணமாக முடிவைச் சொல்லிவிட்டாள். பார்க்காதவர்களுக்காக அதை இங்கே எழுதவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "இருபது வருஷமா சீரியல் பாக்குறேன்டா" என்றாள்.

ஆனால் மெய்யழகன் விஷயத்தில் இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை. படம் நடப்பது நீடாமங்கலத்தில். அம்மா பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கம்தான். கல்யாணப் பந்தி, பரிமாறல், ராத்திரி முழுக்க உபசரிப்பு எல்லாம் அவள் சட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கிவிட்டது. கார்த்தி யார், பெயர் என்ன என்றே தெரியாமல் அரவிந்த்சாமி ஒரு ராத்திரி முழுக்க அவரோடு சமாளிக்கிறாரே, அது கொஞ்சம் நம்பும்படி இல்லை என்று நான் சொன்னேன். "எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் இருபது பேர்கிட்ட அப்படித்தான்டா பேசிட்டு வரேன்" என்றாள். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

நாங்கள் பார்த்தது வெளியான வாரக் கடைசியில், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடியபோது. சில நாளில் பதினெட்டு நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். தஞ்சாவூர்ச் சித்தி பார்த்தது வெட்டிய படம். ஒருநாள் ராத்திரி போனில் பேச ஆரம்பித்தார்கள்.

"பழைய போர்க் கதையைச் சொல்லி அழுவானேடி, எனக்கும் தண்ணி வந்துடுச்சு."

"போர்க் கதையா? அப்படி ஒண்ணும் வரலையேக்கா."

"வந்துச்சுடி."

"நீ தூங்கிக் கனவு கண்டிருப்ப. அத்தான்கூட இருந்து உனக்கும் அந்தப் பழக்கம் வந்துடுச்சு."

நான் நடுவில் புகுந்து விஷயத்தை விளக்கினேன். சித்தி அமைதியாகக் கேட்டுவிட்டு, "அக்காவுக்கு மட்டும் பதினெட்டு நிமிஷம் ஜாஸ்தியா? ரெண்டு பேரும் ஒரே காசுதானே கொடுத்தோம்?" என்றாள். வெட்டியது நல்லதுக்குத்தான் என்பது என் அபிப்பிராயம். படம் பேசிப் பேசியே கொஞ்சம் களைத்துவிடுகிறது. ஆனால் இதை இரண்டு வீட்டிலும் சத்தமாகச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

போன வாரம் தி ப்ரூட்டலிஸ்ட் பற்றிச் சொன்னேன். மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். ஹாலிவுட்காரர்களே படத்துக்குள் பதினைந்து நிமிட இடைவேளை வைத்து எடுத்திருக்கிறார்கள். அம்மா முதல் முறையாக ஹாலிவுட்டை மரியாதையோடு பார்த்தாள்.

"பதினஞ்சு நிமிஷமா? அப்ப வீட்டுலயே போடு. இடைவேளையில குக்கரை வெச்சுட்டு வந்துடுறேன்."